மூன்றாவது ஆணி

ஐரோப்பாவில் ஒருத்தரும் உன் வயதைக் கேட்க மாட்டார்கள் என்று கார்சனிடம் ஜனவரி மாதமே சொல்லிவிட்டேன். அவன் காதில் வாங்கினால்தானே? கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள் என்று ஜெர்மனியில், ஃப்ரைபுர்க் குளிரில் உட்கார்ந்து நம்பிக்கையை அடைகாத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் அமெரிக்க நாட்டுச் சட்டம் ஒரு தினுசு. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடலாம், பட்டாளத்தில் சேரலாம், கல்லூரிக்குக் கடன் வாங்கிவிட்டு ஆயுளுக்கும் கட்டலாம். பீரை மட்டும் இருபத்தொன்று ஆகிறவரை தொடக் கூடாது. அதனால் இருபத்தொன்றாவது பிறந்தநாள் எங்களுக்குக் கல்யாணத்துக்கு அடுத்தபடி. அன்றைக்கு பாருக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போக வேண்டும், கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் "எங்கே, லைசன்ஸைக் காட்டு" என்று கேட்க வேண்டும், நாம் அதை எடுத்து டப்பென்று மேஜையில் போட வேண்டும். குடிப்பது இரண்டாம் பட்சம். கேட்கப்படுவதுதான் விசேஷம்.

கார்சனின் ஊர் நெப்ராஸ்காவில், மனிதர்களைவிட மாடுகள் அதிகம் உள்ள இடம். அங்கே இருப்பது ஒரே பார், அதன் ராணி வெர்னா. இருபத்தொன்று நிறைகிற ஒவ்வொரு பையனையும் பெண்ணையும், லைசன்ஸைப் பார்க்கிற அந்த நொடியில் படம் எடுத்துச் சுவரில் மாட்டுவது அவள் அம்மா காலத்திலிருந்து வழக்கம். கார்சனின் அப்பா படம் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே அண்ணன்கள் ப்ரெட்டும் டஸ்டினும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் வெர்னா சலுகை வைத்திருந்தாள். எந்த ஊர்க் கவுண்டராக இருந்தாலும் சரி, ஆனால் பிறந்தநாளன்றே கேட்டிருக்க வேண்டும், பீர் கொடுப்பவர் தானாகக் கேட்க வேண்டும். நீயே எடுத்து நீட்டினால் படம் செல்லாது.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்கப் போகிறேன் என்று கார்சன் சொன்னபோது அவன் அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அப்போ விதைப்புக்கு யாரு?" அதற்கப்புறம் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. அம்மா பேசுவாள், அண்ணன்கள் பேசுவார்கள், பின்னணியில் டிராக்டர் சத்தம் மட்டும் அப்பா. பிறகு மார்ச் மாதம் திடீரென்று அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பார் சுவர், அண்ணன்கள் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக அடித்த ஒரு ஆணி. ஒரு வார்த்தை எழுதவில்லை.

"அப்பா எனக்கு ஆணி அடிச்சிருக்காரு, கிரெட்டா," என்று அந்தப் படத்தை என்னிடம் காட்டினான். பிறகு பேருந்தில், நூலகத்தில், துணி துவைக்கிற இடத்தில் என்று எல்லா இடத்திலும் காட்டினான். நான் மினசோட்டாக்காரி. எங்கள் பக்கத்தில் ஆண்கள் அழுவதைப் பார்த்தால் வானிலையைப் பற்றிப் பேசுவோம். "நல்ல ஆணி," என்றேன். 

ஈஸ்டர் விடுமுறையில் நாலு பேராகக் கிளம்பினோம். நான், கார்சன், சிகாகோக்காரன் டெரெல், எங்கள் மாடியில் குடியிருந்த ஹென்ரிக்கே. ஹென்ரிக்கே ஜெர்மன்காரி. சாலையில் ஒரு வண்டி இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவள். டெரெல் பச்சை விளக்கு விழுந்தும் நகராமல் பேசிக்கொண்டிருப்பவன். ஸ்ட்ராஸ்பூர்க், வியன்னா, பிராக் என்று சுற்றிவிட்டு, பிறந்தநாளன்று மியூனிக்கில் இருப்பதாகத் திட்டம். சட்டத்துக்குப் பேர்போன நாட்டில்தான் கேட்பார்கள் என்பது கார்சனின் கணக்கு.

"எங்க ஊர்ல பீர் குடிக்கப் பதினாறு ஆகியிருந்தாப் போதும்," என்றாள் ஹென்ரிக்கே.

"அப்போ எனக்குப் பதினாறு ஆகலைன்னு யாராவது நினைக்கலாமில்ல?"

நாங்கள் மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். 

கார்சனின் உருவத்தைச் சொல்லியாக வேண்டும். ஆறடிக்கு மேல் உயரம், கோதுமை மூட்டை தூக்கிய தோள், மார்பைத் தொடும் தாடி. தலையில் எப்போதும் விதைக் கம்பெனித் தொப்பி. தூங்கும்போதும் கழற்றமாட்டான், காரணம் அந்தத் தொப்பிக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி முடி இல்லை. பதினெட்டிலேயே முன்னந்தலை காலி, இப்போது உச்சியும் போய்விட்டது. ஸ்ட்ராஸ்பூர்க் விடுதியில் வரவேற்பாளர் அறைச் சாவிகளை அவனிடம் கொடுத்து, "பிள்ளைங்க ராத்திரி சத்தம் போடாம பாத்துக்கோங்க சார்," என்றார். பிராக்கில் ட்ராமில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தான். கார்சன் உட்காரவில்லை.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். ஹென்ரிக்கே பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். "முன்கூட்டியே சொல்லக் கூடாது! ஆகாது!"

"நீ பொறியியல் படிக்கிறவதானே?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

மறுநாள் காலை விடுதியில் இன்னொரு கூத்து. நாங்கள் கேக் வாங்கித் தருவோம் என்று கார்சன் காத்திருந்தான். கார்சன் கேக் வாங்கித் தருவான் என்று ஹென்ரிக்கே தட்டும் முள்கரண்டியுமாகக் காத்திருந்தாள். அவர்கள் ஊரில் பிறந்தநாள்காரர்தான் வாங்கித் தர வேண்டுமாம். கடைசியில் டெரெல் தன் பையிலிருந்த நசுங்கிப்போன பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தான்.

பிஸ்கட் தின்றுகொண்டே டெரெல் கார்சனை ஆராய்ந்தான். "மச்சி, பிரச்சினை உன் தாடி. தாடியை எடுத்துட்டா நீ பச்சக் குழந்தை. கேட்டே ஆகணும்."

"நிஜமாவா?"

"என் மூஞ்சியப் பாரு. நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஆனால் ஆணி கண்ணை மறைத்தது. அரை மணி நேரம் கழித்துக் குளியலறையிலிருந்து கார்சன் வெளியே வந்தான்.  கண்ணுக்குக் கீழே பாதி முகம் வெயிலில் சிவந்திருந்தது, தாடி இருந்த பாதி மாவு பூசினாற்போல் வெளுத்திருந்தது. தாடி மறைத்து வைத்திருந்த தாடைச் சதை இப்போது இறங்கித் தொங்கியது. ஓய்வு பெற்ற தபால் அதிகாரி ஒருவர் எங்களோடு சுற்றுலா வந்தது மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கேன்?"

"சின்னப் பையனாட்டம் இருக்க," என்று டெரெல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

என் வேலை கைபேசியைத் தயாராகப் பிடித்துக்கொண்டிருப்பது. கேட்கிற கணம் ஓடிப்போய்விடும், பிடிக்க வேண்டும். மியூனிக்கில் பெரிய பீர் மண்டபத்துக்குப் போனோம். கார்சன் சட்டைப் பையில் லைசன்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். இருபத்தொன்று ஆகாதவர்களுக்கு எங்கள் ஊரில் லைசன்ஸை நெட்டுக்குத்தாக அச்சடிப்பார்கள், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் அடையாளம். நான் கைபேசியைத் தூக்கினேன். இரண்டு கையிலும் குவளைகளைக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தாள். நாங்கள் இன்னும் உட்காரவே இல்லை, நாலு குவளை மேஜையில் விழுந்தது.

"மன்னிக்கணும்," என்றான் கார்சன், "எங்ககிட்ட எதுவும் கேக்கணுமா?"

"ஆமா. சாப்பிட என்ன?"

"அதில்ல, வேற ஏதாவது? எங்களைப் பத்தி?"

அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டெரெல் சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து நழுவினான். கார்சன் தன் குவளையைத் தொடவில்லை. கேட்காமல் வந்த பீரைக் குடித்தால் இன்றைய கணக்கு கெட்டுப்போகுமாம். அதையும் சேர்த்து டெரெல்தான் முடித்தான்.

ரயில் நிலையத்துக் கடையில் கேட்கவில்லை. ரயிலில் வண்டி தள்ளிக்கொண்டு வந்தவர் கேட்கவில்லை. பிறகு ஹென்ரிக்கே ஒரு யோசனை சொன்னாள். அவள் அத்தை வீட்டுக்குப் பக்கத்து ஊரில் பழைய மடம் ஒன்று இருக்கிறது, அங்கே துறவிகளே பீர் காய்ச்சுகிறார்கள், துறவிகள் என்றால் ஒழுங்கு முறை எல்லாம் பார்ப்பார்கள் இல்லையா?

கார்சனுக்கு உயிர் வந்தது. இரண்டு ரயில் மாறி அந்த ஊருக்குப் போனோம். மடத்து முற்றத்தில் பெரிய வயிறோடு ஒரு துறவி பீர்க் குழாயடியில் நின்றார். எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வாங்க பிள்ளைங்களா! வெயில்ல வந்திருக்கீங்க." கார்சனிடம் திரும்பினார். "நீங்கதான் இவங்க வாத்தியாரா?"

"இல்ல சாமி, நானும் மாணவன்தான். இன்னிக்கு என் பிறந்தநாள். எத்தனாவது பிறந்தநாள்னு கேக்கறீங்களா?"

"எதுக்குப்பா? கடவுள் முன்னாடி எல்லாரும் குழந்தைங்கதான்," என்று நுரை தளும்ப ஒரு குவளையை அவன் கையில் கொடுத்தார். கூடவே உப்பு ரொட்டியும்.

நான் கைபேசியைக் கீழே இறக்கினேன். கார்சன் அந்தக் குவளையை என்னிடம் நீட்டிவிட்டு மதில் ஓரமாகப் போய் உட்கார்ந்தான். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு கண்டத்தில் இத்தனை கோடிப் பேர் இருக்கிறார்கள், ஒருவருக்குக்கூடச் சந்தேகப்புத்தி இல்லையே!

"நாம வேணா ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சு…" என்று ஆரம்பித்தான் டெரெல்.

"வேணாம்," என்றான் கார்சன். "அப்பாவுக்கு ஏமாத்துப் படம் அனுப்ப மாட்டேன். சாயங்காலம் வீட்டுல கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க. ஆணியப் பிடுங்கிடுங்கன்னு சொல்லிடறேன்."

 ரயிலுக்கு நேரம் இருந்தது. மடத்துக்குப் பின்னாலேயே சின்னதாக ஒரு பீர் மியூசியம். போகிற பொழுதைப் போக்கலாம் என்று ஹென்ரிக்கே இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே ஒரே கவுண்டர், கவுண்டருக்குப் பின்னால் ஒரே பெண்மணி. டிக்கெட் கிழிப்பதும் அவர்தான், டிக்கெட்டோடு தருகிற ஒரு கிளாஸ் பீரைக் குழாயில் பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். மார்பில் 'ஆங்கர்மாயர்' என்று பெயர்ப் பட்டை, கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி.

"இருபத்தாறு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குப் பாதி டிக்கெட். எங்களுக்கு நாலு பாதி," என்றாள் ஹென்ரிக்கே.

திருமதி ஆங்கர்மாயர் எங்களைப் பார்வையால் எண்ணினார். "மூணு பாதி, ஒரு முழுசு."

"இல்ல, நாலும் பாதிதான்."

"எதுக்கு வம்பு, முழு டிக்கெட்டே எடுத்துக்கறேன்," என்றான் கார்சன். பாவம், சண்டை போடவும் தெம்பில்லை.

"எதுக்கு முழு டிக்கெட்? விதிப்படி உனக்குப் பாதி உண்டு!" ஹென்ரிக்கே கவுண்டரில் கையை ஊன்றிவிட்டாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா தாயே, விட்டுத் தொலையேன்! அவன் இருக்கிற இருப்புல உனக்கு டிக்கெட்டா பெருசு?"

"விதின்னா விதி, கிரெட்டா!"

"உன் விதியில இடி விழ!"

நாங்கள் இப்படி முட்டிக்கொண்டிருந்தபோது டெரெல் என் காலை மிதித்தான். நன்றாக நச்சென்று மிதித்தான். திரும்பினேன். திருமதி ஆங்கர்மாயர் கார்சனை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க தப்பா நினைக்கக் கூடாது. இருபத்தாறுக்குக் கீழன்னா அடையாள அட்டை பாத்துத்தான் குடுக்கணும். காட்டுங்க."

கார்சனின் கை சட்டைப் பைக்குப் போனது.

"கேட்டுட்டாங்க," என்றான் டெரெல் மெதுவாக. அப்புறம் கூரை அதிரக் கத்தினான். "கேட்டுட்டாங்கடா! கிரெட்டா, போன எடு, போன எடு!"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையிலிருந்து தூக்கிப் பிடித்த கைபேசி இப்போது பையின் அடியில் சாக்ஸுக்குள் கிடந்தது. கார்சன் லைசன்ஸை எடுத்தான். டப்பென்று போட வேண்டியவன் மெல்ல வைத்தான். அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, நெட்டுக்குத்தான அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பினார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"இதுல தாடி இருக்கு. முகம் சரியாத் தெரியல. தொப்பியைக் கழட்டுங்க ஐயா."

கார்சன் தொப்பியைக் கழற்றினான். இந்தப் பயணத்தில் அவன் அதைக் கழற்றி நான் பார்த்தது அப்போதுதான். நான் பொத்தானை அழுத்தினேன்.

"படம் எடுக்கக் கூடாது!" இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது. ஒன்று திருமதி ஆங்கர்மாயர், இன்னொன்று ஹென்ரிக்கே. சுவரில் குறுக்குக் கோடு போட்ட கேமரா படம் தொங்கியது. "அனுமதி இல்லாம என் முகத்த எடுத்திருக்கே. அழி," என்றார் திருமதி ஆங்கர்மாயர்.

நான் ஏதோ உளற ஆரம்பித்தேன். கார்சன் என்னைத் தடுத்து, தானே பேசினான். அவனுடைய ஜெர்மனில் எல்லா வினைச்சொல்லும் தப்பு. ஆனால் வெர்னாவைச் சொன்னான், சுவரைச் சொன்னான், அண்ணன்களைச் சொன்னான், பேசாத அப்பாவைச் சொன்னான். கடைசியில் ஆணியின் படத்தைக் காட்டினான்.

திருமதி ஆங்கர்மாயர் அதை வெகுநேரம் பார்த்தார். "உங்க அப்பா ஏற்கெனவே ஆணி அடிச்சுட்டாரா?"

"ஆமாம்மா."

"சுவர்ல வெறும் ஆணி நிக்கறது நல்லா இல்ல." யோசித்தார். பிறகு நான் எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தார். "என் தாடை கொஞ்சம் கோணலா விழுந்திருக்கு. பரவால்ல. பேர்ப் பட்டை தெரியுது." லைசன்ஸை இன்னொரு முறை பார்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "இன்னிக்கா பிறந்தநாள்? அட, நீ சின்னப் பையன்டா! இரு தம்பி, உனக்குப் பெரிய கிளாஸ்ல ஊத்தறேன்."

ஐயா ஒரே மூச்சில் தம்பி ஆகிவிட்டான். ஆனால் அந்த பீரை அவன் குடிக்கவில்லை. "வெர்னா ஒத்துக்கணும்," என்று கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். படத்தை அனுப்பினோம். சற்று நேரத்தில் அழைப்பு வந்தது. அங்கே காலைக் காபி நேரம். வெர்னாவின் பாரில் ஊரே திரையை எட்டிப் பார்த்தது.

"யார்டா அது மொட்டை?" இது அண்ணன் ப்ரெட். "தம்பியோட வாத்தியாரா?"

"வாய மூடு," என்றாள் வெர்னா. ஒட்ட வெட்டிய வெள்ளைத் தலை, தோளில் துண்டு. "கார்சன், ஒழுங்காச் சொல்லு. அந்தம்மா தானாக் கேட்டாங்களா?"

"தானாத்தான் கேட்டாங்க. நான் வேணாம்னுகூடச் சொன்னேன்."

"பீர் குடுக்கறது அவங்கதானா?"

கார்சன் கைபேசியைத் திருப்பினான். திருமதி ஆங்கர்மாயர் குழாயைத் தட்டிக் காட்டித் தலையசைத்தார்.

"சரி. எதுக்குக் கேட்டாங்க? உனக்கு இருபத்தொண்ணு ஆகலைன்னு நினைச்சாங்களா?"

கார்சன் அசடு வழிந்தான். பொய் சொல்லலாம், அங்கே இருந்து யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவன் கார்சன்.

"இல்ல. எனக்கு இருபத்தாறு தாண்டிருச்சுன்னு நினைச்சாங்க. ரொம்பவே தாண்டிருச்சுன்னு."

நெப்ராஸ்காவில் கூரை பறந்தது. டஸ்டின் மேஜையில் முகத்தை வைத்துக் குத்தினான். யாரோ காபியைக் கொட்டினார்கள். வெர்னா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "தானாக் கேக்கணும்கறதுதான் என் சட்டம். எதுக்குக் கேட்டாங்கன்னு அதுல ஒண்ணும் இல்ல. படம் செல்லும். ஆனா படத்துக்குக் கண்ணாடி போட மாட்டேன், மொட்டை இப்பவே பளபளன்னு கண்ணு கூசுது."

சிரிப்பு ஓயவில்லை. அதற்குள் கூட்டம் விலகி ஒருவர் திரைக்கு முன்னால் வந்தார். அதே தோள், அதே விதைக் கம்பெனித் தொப்பி. கார்சன் சிரிப்பை நிறுத்தினான். 

"தொப்பியக் கழட்டிட்டியா?" என்றார் அவன் அப்பா.

"அந்தம்மா கழட்டச் சொன்னாங்கப்பா."

அவர் தன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கார்சனுக்கு அந்தத் தலை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"இந்தச் சுவர்ல இருக்கற எங்க எல்லாரையும், இவன் சின்னப் பயலோன்னு சந்தேகப்பட்டுத்தான் கேட்டாங்க," என்றார். ஒவ்வொரு வார்த்தையும் மெதுவாக வந்தது. "பெரிய மனுஷன்னு நினைச்சுக் கேட்டது உன்ன ஒருத்தனத்தான்."

கார்சன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"விதைப்ப நாங்க பாத்துக்கறோம். நீ நல்லா சுத்திப் பாத்துட்டு வா."

"சரிப்பா."

அவ்வளவுதான் பேச்சு. கார்சன் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தான். டெரெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தூசி என்றான். ஹென்ரிக்கே அழுதுகொண்டே மூன்று பாதி டிக்கெட்டை நாலாக மாற்றச் சொல்லி வாங்கினாள். நான் திருமதி ஆங்கர்மாயரிடம் வானிலையைப் பற்றிப் பேசினேன்.

ரயில் நிலையத்தில் சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கார்சனின் தலை நிஜமாகவே பளபளத்தது. அப்போதுதான் கவனித்தேன்.

"டேய், தொப்பி எங்கே? கவுண்டர்லயே விட்டுட்டியா? ரயில் வர நேரம் இருக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு வரேன்."

"வேணாம்," என்றான் கார்சன். "விட்டுட்டு வரல. அங்க சுவர்ல ஒரு ஆணி சும்மா இருந்தது. மாட்டிட்டு வந்தேன்."